காலித் ஜமிலை நடுவழியில் இறக்கிவிடாதீர்கள்: கால்பந்து சம்மேளனத்துக்கு ஒரு திறந்த மடல்

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் தலைவர் கல்யாண் சௌபே அவர்களுக்கும் நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்கும்,

2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடம் 1-0 என்று தோற்ற இரவிலிருந்து ஒரே பேச்சாக இருக்கிறது. தேசிய அணிப் பயிற்சியாளர் காலித் ஜமிலை அனுப்பு, பழையபடி வெளிநாட்டிலிருந்து ஒருவரைக் கொண்டு வா, இந்தியக் கோச்சை வைத்துப் பார்த்தாயிற்று, சரிப்பட்டு வரவில்லை. ரசிகர்கள் அப்படிப் பேசுவதில் எனக்கு வருத்தமில்லை. 22 ஆண்டுகளுக்குப் பிறகு வங்கதேசத்திடம் தோற்றால் யாருக்கும் வயிறு எரியும், எனக்கும் எரிந்தது. நான் பார்த்தவரை நீங்கள் வாய் திறந்து அவர் பக்கம் நின்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவரை அந்த இடத்தில் உட்கார வைத்தது நீங்கள். என்ன நிலைமையில் உட்கார வைத்தீர்கள் என்பதும் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதைச் சொல்லாமல் விட்டால் தோல்வி மொத்தமும் ஒரு மனிதர் தலையில் விழும், அவரோடு சேர்த்து அவருக்குப் பின்னால் வரப்போகிற ஒவ்வொரு இந்தியப் பயிற்சியாளர் தலையிலும் விழும்.

நான் வடசென்னையில் பசங்களுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறவன். சென்னை லீக்கில் கீழ் டிவிஷன்களில் ஆடியிருக்கிறேன், அதற்கு மேல் போகவில்லை. பகலில் வேறு வேலை, சாயங்காலம் கிரவுண்டு. ஆட்டம் முடிந்த பிறகு ஆட்டக்காரனுக்கு என்ன இருக்கிறது என்ற கேள்வி எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. பையன் நன்றாக ஆடுகிறான், தொடர்ந்து அனுப்புங்கள் என்று சொல்லப் போனால் அவன் அம்மா முதலில் கேட்பது, "முப்பது வயசுக்கு மேல இவன் என்ன சார் பண்ணுவான்?" என்பதுதான். முன்னெல்லாம் வங்கி, ரயில்வே, துறைமுகம் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவைக் காட்டுவோம், இப்போது அதுவும் சுருங்கிப் போய்விட்டது. ஆகஸ்ட் 1 அன்று நீங்கள் காலித் ஜமிலை நியமித்தபோது அந்த அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பெயர் இருந்தது. இந்த நாட்டு லீக்கில் ஆடி, காயம்பட்டு, இந்த நாட்டு கிளப்களிலேயே கோச்சாகப் படிப்படியாக மேலே வந்து தேசிய அணிக்கு வந்திருக்கிறார் ஒருவர் என்று சொன்னேன். 2012-இல் சாவியோ மெடைரா போன பிறகு 13 ஆண்டுகள் கழித்து வந்த முதல் முழுநேர இந்தியப் பயிற்சியாளர். நான்கே மாதத்தில் அந்தப் பெயரையும் என்னிடமிருந்து பிடுங்கிவிடுவார்கள் போலிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் கையில் கிடைத்தது என்ன என்று முதலில் பேசுவோம். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பிரிவில் முதலிடம் பிடிக்கும் ஒரே அணிக்குத்தான் இடம். அவர் வருவதற்கு முன்பே இரண்டு மேட்ச் முடிந்துவிட்டது: மார்ச்சில் ஷில்லாங்கில் வங்கதேசத்துடன் 0-0, ஜூனில் ஹாங்காங்கிடம் 1-0 தோல்வி. ஆறு புள்ளிக்கு ஒரு புள்ளி. நாட்டின் முதன்மை லீக்கான ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஜூலையிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. லீக்கை நடத்தும் உரிம ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிவதாக இருந்தது, அடுத்து யார் நடத்துவது என்று தெரியாமல் கிளப்கள் பயிற்சியையே நிறுத்தின, பிறகு டெண்டர் விட்டபோதும் ஒருவரும் கேட்டு வரவில்லை. இந்த நிலையில்தான் அவர் அணியைக் கூட்டினார். லீக் மேட்சே ஆடாத ஆட்டக்காரர்கள். இரண்டு மாதம் மேட்ச் ஆடாத என் பதினாறு வயதுப் பையன் அறுபதாவது நிமிடத்தில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பான். பந்து பின்னால் போனால் திரும்பி ஓட உடம்பு ஒத்துழைக்காது. அதற்கு அவனைத் திட்டிப் பயனில்லை, மேட்ச் கொடுக்காத என்னைத்தான் கேட்க வேண்டும். சர்வதேச மட்டத்திலும் அதே உடம்புதானே.

இதையும் வைத்துக்கொண்டு அவர் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் செய்ததை எல்லோரும் இப்போது மறந்துவிட்டார்கள். தஜிகிஸ்தானில் ஆடிய, மத்திய ஆசிய நாடுகளின் காஃபா நேஷன்ஸ் கோப்பை. மோகன் பகான் தன் வீரர்களை அனுப்பவில்லை, சுனில் சேத்ரி அணியில் இல்லை. தஜிகிஸ்தானை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்றோம், அன்வர் அலி ஒன்று, ஜிங்கன் ஒன்று, குர்பிரீத் பெனால்டி ஒன்றைத் தடுத்தார். ஈரானிடம் 3-0 என்று தோற்றோம். மூன்றாம் இடத்துக்கான மேட்சில், தரவரிசையில் நம்மைவிட ஐம்பது இடத்துக்கும் மேலே இருந்த ஓமனை 1-1 என்று பிடித்து நிறுத்தி, பெனால்டியில் 3-2 என்று ஜெயித்தோம். ஓமனை வென்றது அதுதான் முதல் முறை. கையில் இருந்த ஆட்களை வைத்து இந்த மனிதர் என்ன செய்வார் என்பதற்கு அந்தத் தொடரே சாட்சி, அப்போது நீங்கள் எல்லோரும் வாழ்த்துச் சொன்னீர்கள்.

அப்புறம் சிங்கப்பூர். அங்கே பத்துப் பேராகக் குறைந்தும் கடைசி நேரத்தில் ரஹீம் அலி போட்ட கோலில் 1-1. மறு மேட்ச் கோவாவின் மட்காவில், அங்கே சாங்தே நம்மை முன்னால் கொண்டு போனார், இடைவேளைக்குச் சற்று முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று சோங் உய் யங் இரண்டு கோல் போட்டார், 2-1, கதை முடிந்தது. 2019, 2023 என்று தொடர்ந்து இரண்டு ஆசியக் கோப்பையில் ஆடிவிட்டு 2027-ஐ இழந்தோம். அந்த மேட்சில் காலித் மீது எனக்கும் குறை உண்டு. ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது நடுக்களத்தில் பெட்டிக்கு வெளியே அவ்வளவு இடம் விட்டது தவறு, முதல் கோல் வாங்கிய பிறகும் அந்த இடத்தை அடைக்க ஆள் மாற்றாமல் இருந்தது அதைவிடத் தவறு. டாக்காவில் பதினோராவது நிமிடத்தில் வாங்கிய கோலுக்குப் பதில் கொடுக்க மீதி நேரம் முழுவதும் இருந்தது, பந்தை உயரத் தூக்கி அடித்துக்கொண்டே இருந்தோம். இதையெல்லாம் கேளுங்கள், அறிக்கை வாங்குங்கள், உட்கார வைத்துக் கேள்வி கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். கேட்பது வேறு, கழற்றிவிடுவது வேறு.

இதே நாற்காலியில் முன்பு இருந்தவர்களுக்கு நீங்களும் உங்களுக்கு முன்பு இருந்தவர்களும் எவ்வளவு பொறுத்தீர்கள் என்று பாருங்கள். இகோர் ஸ்டிமாச் 2019 மே மாதம் வந்தார், ஐந்து ஆண்டுகள் இருந்தார். 2023-இல் தெற்காசிய அணிகளுக்கான சாஃப் கோப்பை வென்றார், அதை மறுக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் 2026 வரை ஒப்பந்தத்தை நீட்டித்தீர்கள். அடுத்த ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று மேட்சும் தோல்வி, ஆறு கோல் வாங்கினோம், ஒன்றுகூடப் போடவில்லை. மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் தோற்றோம். ஜூனில்தான் அனுப்பினீர்கள், அனுப்பிய பிறகு இழப்பீடாக 4 லட்சம் டாலர் கொடுத்து முடித்தீர்கள். அவருக்குப் பின்னால் மனோலோ மார்க்கேஸ். நல்ல கோச், அதில் சந்தேகமில்லை. ஆனால் எஃப்சி கோவாவையும் இந்திய அணியையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ள அனுமதித்தீர்கள், எட்டு மேட்சில் ஒரு வெற்றி, அதுவும் மாலத்தீவை. அப்போது "வெளிநாட்டுக் கோச் சரிப்பட்டு வராது" என்று ஒருவரும் சொல்லவில்லை. ஸ்டிமாச் தோற்றால் ஸ்டிமாச் தோற்றார், மனோலோ தோற்றால் மனோலோ தோற்றார், காலித் தோற்றால் மட்டும் இந்தியக் கோச்கள் எல்லோரும் தோற்றதாக ஆகிவிடுகிறது. இந்த அளவுகோல்தான் எனக்கு வலிக்கிறது.

வெளிநாட்டுக்காரர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாப் ஹௌட்டன் 27 ஆண்டுகளுக்குப் பிறகு நம்மை 2011 ஆசியக் கோப்பைக்குக் கொண்டு போனார், அதற்கு அவருக்கு ஆண்டுக்கணக்கில் நேரம் இருந்தது, நீண்ட முகாம்கள் இருந்தன. அந்த நேரமும் முகாமும் பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கொடுக்கிற பொருளா என்பதுதான் என் கேள்வி.

சரி, காலித் ஜமில் யார் என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் அவரைப் பற்றிப் பேசுகிற பலருக்கு 2025-இல்தான் அவரைத் தெரியும். குவைத்தில் பிறந்தவர். வளைகுடாப் போரை ஒட்டி குடும்பம் மும்பைக்கு வந்தது. மஹிந்திரா யுனைடெட், ஏர் இந்தியா என்று நடுக்கள ஆட்டக்காரராக ஆடினார், இந்தியாவுக்கும் ஆடினார். கொல்கத்தாவின் பெரிய கிளப்கள் கூப்பிட்டபோது, சட்டையில் மதுபான நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்பதால் போகவில்லை என்று பத்திரிகைகளில் வந்தது. கடைசியாக மும்பை எஃப்சிக்குப் போனார், காயத்தால் அங்கே ஆடவே முடியவில்லை. 2009-இல் அதே கிளப்புக்குக் கோச் ஆனார், வயது 32.

மும்பை எஃப்சியில் ஏழு ஆண்டுகள். இந்த ஏழு ஆண்டுகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, கோப்பை இல்லை என்பதால். பணம் இல்லாத கிளப், பெரிய கிளப்கள் கழித்துவிட்ட ஆட்டக்காரர்கள், மும்பை கூப்பரேஜ் மைதானத்தில் ஹோம் மேட்ச். ஒவ்வொரு சீசனும் கீழே இறங்கிவிடும் என்பார்கள், ஒரு சீசனும் அவர் இறங்க விடவில்லை. ஒரு கோல் போட்டால் அதைக் காப்பாற்றுவது, கார்னரிலும் ஃப்ரீகிக்கிலும் கோல் தேடுவது, தோற்கிற மேட்சை டிரா ஆக்குவது. பார்க்க அழகாக இல்லை என்பார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் நான் சொல்லித் தருகிற பசங்களும் பெரும்பாலும் தங்களைவிட உயரமான, நல்ல பூட்ஸ் போட்ட, நல்ல புல்தரையில் பழகிய டீம்களோடுதான் ஆடுகிறார்கள். இருப்பதை வைத்து எப்படித் தோற்காமல் இருப்பது என்று சொல்லித் தர ஆள் வேண்டும். 2016-இல் அவரை அனுப்பினார்கள். அடுத்த சீசனே மும்பை எஃப்சி கடைசி இடத்துக்குப் போய் லீக்கை விட்டு இறங்கியது, அப்புறம் கிளப்பே இல்லை.

அந்த 2016-17 சீசனில்தான் அவர் மிசோரமின் ஐசால் எஃப்சிக்குப் போனார். முந்தைய ஆண்டு அப்போதைய தேசிய லீக்கான ஐ-லீக்கிலிருந்து கீழே இறக்கப்பட்ட கிளப், கோவா கிளப்கள் விலகியதால் மறுபடி சேர்த்துக்கொள்ளப்பட்ட கிளப். மிசோ பசங்கள்தான் பெரும்பாலும். மும்பையில் தன்னிடம் ஆடிய ஜயேஷ் ராணே, ஆசுதோஷ் மேத்தா போன்றவர்களைக் காலித் கூட்டிக்கொண்டு போனார். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், பெங்களூரு என்று கோடிகளில் செலவு செய்கிற அணிகளுக்கு நடுவே இந்த அணி மேலே ஏறிக்கொண்டே வந்தது. 2017 ஏப்ரல் 22 அன்று ஐசாலில் மோகன் பகானோடு மேட்ச், எண்பது நிமிடம் தாண்டியும் கோல் இல்லை, ஒரு செட் பீஸில் டிஃபெண்டர் சோமிங்லியானா ரால்தே எகிறித் தலையால் முட்டினார், 1-0. கடைசி மேட்ச் ஏப்ரல் 30, ஷில்லாங்கில், அந்த ஊர் கிளப்பான லஜோங்கோடு. டிரா செய்தால் பட்டம். ஆரம்பத்திலேயே லஜோங்கின் டிபாண்டா கோல் போட்டுவிட்டார். அதே நேரம் கொல்கத்தாவில் மோகன் பகானோடு ஆடிக்கொண்டிருந்தது சென்னை சிட்டி எஃப்சி, எங்களுக்கு ஒரு கண் அதிலும் ஒரு கண் இதிலும். 67-ஆவது நிமிடத்தில் வில்லியம் லால்நுன்ஃபெலா சமன் செய்தார். விசில் ஊதியபோது ஐசாலுக்கு 37 புள்ளி, மோகன் பகானுக்கு 36. வடகிழக்கிலிருந்து ஒரு கிளப் தேசிய லீக்கை வென்றது அதுதான் முதல் தடவை. எங்கள் கிரவுண்டில் அன்றைக்குப் பசங்கள் தங்கள் டீமுக்கு ஐசால் என்று பெயர் வைத்து ஆடினார்கள், அதுவரை அவர்கள் வைத்ததெல்லாம் ஐரோப்பிய கிளப் பெயர்கள்.

இப்படி ஒரு பட்டத்தை வென்றவருக்கு அடுத்து என்ன நடந்தது? ஈஸ்ட் பெங்கால் கூப்பிட்டது. 2004-க்குப் பிறகு லீக் பட்டமே பார்க்காத கிளப், ஒரே சீசனில் பட்டம் வேண்டும் என்றது. நான்காம் இடம், சூப்பர் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை, இதற்கு நடுவிலேயே அவருக்கு மேலே ஒரு டெக்னிக்கல் டைரக்டரைக் கொண்டு வந்தார்கள். முடிந்தது. மோகன் பகான் 2019-இல் சீசன் நடுவில் கூப்பிட்டது, அதுவும் கொஞ்ச நாள். ஐஎஸ்எல் கிளப் ஒன்றுகூட இவரைத் தலைமைப் பயிற்சியாளராக எடுக்கவில்லை. நார்த் ஈஸ்ட் யுனைடெடில் துணைப் பயிற்சியாளராக இருந்தார். 2021 ஜனவரியில் ஸ்பெயின்காரர் ஜெரார்ட் நுஸ் நீக்கப்பட்டபோதுதான் "இடைக்கால" என்ற அடைமொழியோடு பொறுப்பு வந்தது. லீக்கின் மீதி மேட்ச்களில் ஒன்றிலும் தோற்காமல் அணியை பிளே ஆஃபுக்குக் கொண்டு போனார், ஐஎஸ்எல்லில் அதைச் செய்த முதல் இந்தியர். அந்த அக்டோபரில் நிரந்தரமாக்கினார்கள். 2014-இல் தொடங்கிய லீக்கில் ஓர் இந்தியர் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளர் ஆவதற்கு ஏழு ஆண்டுகள் ஆயின. அடுத்த சீசன் சரியாகப் போகவில்லை, பத்தாம் இடம், வெளியே. 2023 டிசம்பரில் ஜாம்ஷெட்பூர், இங்கேயும் இன்னொருவர் நடுவில் நீக்கப்பட்ட இடம்தான். அடுத்த சீசனில் லீக்கில் ஐந்தாம் இடம், அரையிறுதியில் மோகன் பகானை முதல் மேட்சில் 2-1 என்று வென்று, இரண்டாவது மேட்சில் கூடுதல் நிமிடத்தில் வாங்கிய ஒரு கோலால்தான் வெளியே போனார்கள், அப்புறம் சூப்பர் கோப்பை இறுதி ஆட்டம். ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதைத் தொடர்ந்து இரண்டு ஆண்டு அவருக்குக் கொடுத்தது உங்கள் சம்மேளனம். 170 பேர் விண்ணப்பித்த பதவிக்கு, ஐ.எம். விஜயன் தலைமையிலான டெக்னிக்கல் கமிட்டி மூன்று பேரைச் சிபாரிசு செய்ய, அதில் இவரைத் தேர்ந்தெடுத்ததும் நீங்கள்தான்.

இந்த "இடைக்கால" என்ற பழக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது இவரோடு நின்றுவிடவில்லை. 2022-இல் சென்னையின் எஃப்சி தன் வெளிநாட்டுப் பயிற்சியாளரை அனுப்பியபோது மீதி மேட்ச்களுக்கு நம்ம சபீர் பாஷாவிடம் கொடுத்தது. இந்தியன் வங்கிக்கு ஆடியபோது அவரைப் பார்க்கவே கூட்டம் வரும், இந்தியாவுக்கு ஆடியவர், பல ஆண்டு பயிற்சி அனுபவம் உள்ளவர். சீசன் முடிந்தது, அடுத்த கோச் ஐரோப்பாவிலிருந்து. 2023-இல் ஒடிசா எஃப்சிக்கு கிளிஃபர்ட் மிராண்டா இடைக்காலமாக வந்தார், வந்து சூப்பர் கோப்பையை வென்றே கொடுத்தார், அந்த கிளப்பின் முதல் பெரிய கோப்பை. வென்றவருக்கு அடுத்த சீசன் அந்த வேலை இல்லை. தோற்றால் போகச் சொல்வது புரிகிறது, ஜெயித்தாலும் போகச் சொன்னால் ஓர் இந்தியக் கோச் வேறு எதைக் காட்டித் தன்னை நிரூபிப்பான்? கிளப் முடிவுகள் உங்கள் கையில் இல்லை என்பீர்கள். தேசிய அணி உங்கள் கையில்தான் இருக்கிறது. அங்கேயும் இதே பழக்கம் வந்துவிடக் கூடாது.

கீழே எங்கள் மட்டத்தில் எப்படி இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். என்னிடம் ஆடிய ஒரு பையன், லெஃப்ட் பேக். முழங்கால் ஜவ்வு கிழிந்தது, ஆபரேஷனுக்குப் பிறகு பழைய வேகம் வரவில்லை. கிரவுண்டை விட்டுப் போகாமல் என் பக்கத்திலேயே நின்று மேட்ச் பார்ப்பான். எதிரணி எந்தப் பக்கம் பலவீனம் என்று என்னைவிட முன்னால் சொல்வான். இவனைக் கோச் ஆக்கிவிடலாம் என்று முதல் நிலை லைசென்ஸ் வகுப்புக்குப் பணம் திரட்டி அனுப்பினோம், நாலு பேர் சேர்ந்து போட்ட பணம், அவன் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில். கிரவுண்டில் செய்து காட்டச் சொன்னபோது கோன் பற்றவில்லை என்று தண்ணீர் பாட்டில்களை அடுக்கி, நாலு டிஃபெண்டர்களும் பந்து இருக்கிற பக்கம் சேர்ந்து நகர்வதை, யார் முதலில் போக வேண்டும், அவனுக்குப் பின்னால் யார் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று ஒவ்வொருவனையும் தோளைப் பிடித்து நகர்த்திக் காட்டியிருக்கிறான், சொல்லித் தந்தவரே நன்றாயிருக்கிறது என்றாராம். மறுநாள் அதையே பயிற்சித் திட்டமாக ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்கள். எழுத முடியவில்லை. தாளில் கட்டம் போட்டு அம்புக்குறிகள் வரைந்திருக்கிறான், பக்கத்தில் இரண்டு வார்த்தைகள். தேர்ச்சி இல்லை. தமிழில் எழுதட்டுமா என்று கேட்டதற்கு அதற்கு ஏற்பாடு இல்லை என்றார்கள். மறுபடி எழுதவும் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். அவன் இப்போது டெலிவரி வேலைக்குப் போகிறான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறான். வகுப்பை நடத்தியவர்கள் யார் என்று எழுதி யாரையும் மாட்டிவிடுவது என் நோக்கமில்லை, ஏற்பாடு அப்படி இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். முதல் படியே இப்படி என்றால் சி, பி, ஏ, அதற்கு மேல் லட்சங்கள் செலவாகிற புரோ லைசென்ஸ் வரை எங்கள் தெருவிலிருந்து யார் போய்ச் சேர முடியும்? காலித் ஜமில் அவ்வளவையும் தாண்டி வந்தவர் என்பதால்தான் அவர் மேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு.

இந்த நாட்டில் ஒரு காலத்தில் இது தொடர்ச்சியாக நடந்தது. ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சையது அப்துல் ரஹீம், எல்லோரும் ரஹீம் சாப் என்று சொல்பவர், அவர் பயிற்சியில் 1951-இலும் 1962-இலும் ஆசிய விளையாட்டில் தங்கம், நடுவே 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962-இல் ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில் அவருக்காகக் கோல் போட்ட பி.கே. பானர்ஜி 1970-இல் பாங்காக்கில் வெண்கலம் வென்ற அணியின் பயிற்சியாளர்களில் ஒருவர். அந்த 1970 அணியின் கேப்டன் சையது நயீமுதீன் பின்னால் இந்திய அணிக்கே பயிற்சியாளரானார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய சைமன் சுந்தரராஜ்தான் 1973-இல் கேரளா முதன்முதலாக மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபியை வென்றபோது அதன் பயிற்சியாளர். ஒருவரிடம் ஆடியவர் அடுத்தவருக்குச் சொல்லித் தந்தார். தலைவர் அவர்களே, நீங்களும் ஈஸ்ட் பெங்காலிலும் மோகன் பகானிலும் கோல் போஸ்ட் முன்னால் நின்றவர், சம்மேளன வரலாற்றில் ஓர் ஆட்டக்காரர் தலைவரானது உங்களோடுதான் முதல் முறை. அந்தச் சங்கிலி ஏன் அறுந்தது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் கேட்பது இவைதான். காலித் ஜமில் தன் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தை முழுசாக முடிப்பார் என்று வெளிப்படையாக, எழுத்தில், ஹாங்காங்குடனான கடைசி மேட்சுக்கு முன்னாலேயே அறிவியுங்கள். அந்த மேட்சில் என்ன முடிவு வந்தாலும் அறிவிப்பு மாறக் கூடாது. அவரை எதை வைத்து மதிப்பிடப் போகிறீர்கள் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லுங்கள், எத்தனை இளம் வீரர்களைக் கொண்டு வந்தார், அணி எப்படி ஆடுகிறது, 2027-க்குள் எங்கே நிற்க வேண்டும் என்று. அப்போதுதான் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் இந்தக் கூச்சல் கிளம்பாது. தகுதிச் சுற்றில் ஏன் தோற்றோம் என்று டெக்னிக்கல் கமிட்டியிடம் அறிக்கை வாங்கி அதை வெளியிடுங்கள். அதில் கோச்சின் தவறும் இருக்கட்டும், லீக் நடக்காததும் இருக்கட்டும், வீரர்களை விடாத கிளப்களும் இருக்கட்டும்.

லீக் எப்போது என்று தேதி சொல்லுங்கள். சர்வதேச மேட்ச்களுக்காக ஃபிஃபா ஒதுக்கும் ஒவ்வொரு சாளரத்திலும் இந்திய அணிக்கு மேட்ச் இருக்க வேண்டும், ஒன்றையும் வீணாக்கக் கூடாது, தேசிய முகாமுக்கு வீரர்களை எத்தனை நாள் முன்னால் அனுப்ப வேண்டும் என்பதைக் கிளப்களோடு பேசி லீக் விதியிலேயே எழுதுங்கள், ஒவ்வொரு முறையும் கோச் போன் போட்டுக் கெஞ்சுகிற நிலை வேண்டாம். 17, 20, 23 வயதுக்கு உட்பட்ட தேசிய அணிகளின் பொறுப்பை இந்தியப் பயிற்சியாளர்களிடம் குறுகிய காலத்துக்கு இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கொடுங்கள், அடுத்த காலித் ஜமில் அங்கிருந்து வரட்டும்.

லைசென்ஸ் வகுப்புகளையும் கையேட்டையும் தேர்வையும் தமிழ், மலையாளம், வங்காளம், மிசோ, மணிப்பூரி, கொங்கணி என்று கால்பந்து ஆடுகிற மக்கள் பேசுகிற மொழிகளில் நடத்துங்கள், குறைந்தது முதல் இரண்டு நிலைகளுக்காவது. மாநில, மாவட்ட லீக்கில் ஆடிவிட்டுக் காயத்தால் வெளியேறியவர்களுக்குக் கட்டணத்தை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். ஸ்டிமாச்சுக்குக் கொடுத்த இழப்பீட்டுத் தொகையில் ஒரு பங்கு போதும் இதற்கு. அடுத்த வகுப்பு சென்னையில் எப்போது, எந்த மொழியில் என்று அறிவித்தால் நான் அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
வடசென்னையிலிருந்து ஒரு கால்பந்துப் பயிற்சியாளர்